ஆங்கர்முண்டவில் ஒரு பின்சில்லு

மே மாதத்து ஞாயிறு, காலை ஆறரை மணி வாக்கில் டிரெஸ்டனில் ரயில் ஏறியபோதே கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டேன்: "கற்பாதையில் ஒரு தமிழச்சி." போகாத ஊருக்கு முன்கூட்டியே தலைப்பு வைக்கிறவன் எந்த லட்சணத்தில் ஊரைப் பார்ப்பான் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன் என்று உறுதியில்லை. ஐந்து வருடமாக இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உலோகங்களில் விரிசல் எப்படி விழுகிறது என்று ஆராய்கிறேன். வார இறுதிகளில் ஊர் சுற்றிவிட்டு ஒரு தமிழ் இணைய இதழுக்கு எழுதுகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு, அந்தப் பெயரில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன காரணம் இதுதான். பெர்லினில் பேருந்து ஓட்டும் யோகன் அண்ணா, மேற்கு ஜெர்மனியில் ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயில் தேரன்று பழக்கமானவர். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய இருபது வயது மகள் தாரணி சைக்கிள் பந்தய வீராங்கனை. கல் பதித்த சாலைகளில் ஓடும் ஒருநாள் பந்தயம் ஒன்று அன்றைக்கு வடகிழக்கே ஆங்கர்முண்ட பக்கம் நடக்க இருந்தது. பெல்ஜியத்துத் தொழில்முறை அணி ஒன்றின் மேலாளர் பார்க்க வருகிறார், அடுத்த வசந்தத்துக்கு ஒரே ஒரு பெண்ணைத் தேடுகிறார் என்று அண்ணா போனில் சொல்லியிருந்தார். எனக்கு அது போதாதா? பதினெட்டு யூரோவுக்கு டிக்கெட் போட்டேன்.

எட்டரைக்கு பெர்லின் சூட்குரொய்ஸ் நிலையத்துக்கு வெளியே அண்ணாவின் கார் நின்றது. கூரையில் இரண்டு சைக்கிள்கள்.

"வாங்கோ தம்பி, ஏறுங்கோ. சாப்பிட்டனீங்களோ? அக்கா இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தவ. அவவுக்கு இண்டைக்கு வேலை, வர ஏலாமப் போச்சு."

பின் இருக்கையில் எனக்குப் பக்கத்தில் தாரணி. தொடைமேல் டப்பாவை வைத்து, ருசிக்காக இல்லாமல் கணக்காக வெறும் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நெடுஞ்சாலையில் வடக்கே எண்பது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கடுகு வயல் மாதிரி மஞ்சள் வயல்கள், அவற்றுக்கு நடுவே காற்றாலைகள்.

நான் போனை எடுத்துப் பேட்டியை ஆரம்பித்தேன். கல்பாதைப் பந்தயத்தில் ஜெயிக்க என்ன வேண்டும்?

"மலை ஏறுறவைக்கு உடம்பு மெலிசா இருக்கோணும். கல்லிலை அப்பிடியில்லை, கொஞ்சம் பாரம் வேணும். இல்லாட்டி கல் உங்களைத் தூக்கி எறியும். கையை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, தளர்த்தி விடோணும். பேந்து றோட்டின்ட நடு முதுகிலைதான் ஓடோணும், கரையிலை போனால் ரயர் போயிடும். எல்லாரும் அந்த நடுவுக்குத்தான் அடிபடுவினம்."

"இன்னைக்கு யார் யார் ப்ராமிசிங்?"

"ரெண்டு பேர். போலந்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறா. மற்றது எங்கட ஹன்னா."

"ஹன்னா?"

"எங்கட டீம். அவதான் லீடர். அவ கல்லிலை ஓடேக்கை சத்தமே வராது அண்ணை. நாங்க எல்லாம் குலுங்கிக்கொண்டு போவம், அவ சோபாவிலை இருக்கிற மாதிரிப் போவா. நான் இண்டைக்கு அவவுக்கு உதவி. காத்து மறைக்கிறது, தண்ணி குடுக்கிறது, அவவுக்குச் சில்லுப் போனால் என்ட சில்லைக் கழட்டிக் குடுக்கிறது."

என் முகம் தொங்கியது. தமிழச்சி இன்னொருத்திக்குத் தண்ணீர் சுமக்கிற கதையை எழுதவா நான் விடியற்காலையில் எழுந்து வந்தேன்? "உனக்கு வருத்தமா இல்லையா? நீயே ஜெயிக்கலாமே?" என்று தூண்டிவிட்டுப் பார்த்தேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "எனக்கு இன்னும் ரெண்டு மூண்டு வருஷம் இருக்கு. அவவுக்கு இதுதான் கடைசி. இந்த வருஷம் டீம் கிடைக்காட்டி செப்டம்பரிலை நர்சிங் ஆஸ்பில்டுங் தொடங்கிறா. இடம் எடுத்துவைச்சிட்டா. அதோட சைக்கிள் முடிஞ்சுது." ஆஸ்பில்டுங் என்றால் இங்கே மூன்று வருடத் தொழிற்பயிற்சி. அதில் சேர்ந்துகொண்டு நாளுக்கு ஐந்து மணிநேரம் சைக்கிள் மிதிக்க முடியாது.

அதையும் கேட்டேன். கேட்டுவிட்டு, 'நம்ம பெண்ணை ஓரங்கட்டுகிறார்கள்' என்று மனதுக்குள் ஒரு வரி எழுதிக்கொண்டேன்.

பத்து மணி. ஆங்கர்முண்டவைத் தாண்டி ஒரு கிராமம், தேவாலயத்துக்குப் பின்னால் புல்வெளியில் அணிகளின் வண்டிகள். பெரிய அணிகளுக்குப் பேருந்து, இவர்களுக்கு ஒரு பழைய வேன். பயிற்சியாளர் பிரிகிட்டே அறுபது வயதுப் பெண்மணி, பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கை கொடுத்தார். கை கொடுத்த அதே மூச்சில் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். சில்லு, அதாவது உதிரிச் சக்கரம், பிடிக்க வேண்டிய ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம்.

சின்ன அணிகளில் இது வழக்கம். கல்பாதைத் துண்டுகள் ஒடுங்கியவை. சைக்கிள் பஞ்சரானால் அணியின் கார் பின்னாலிருந்து வந்து சேர நேரமாகும். அதனால் ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அணிக்கு ஒருவர் உதிரிச் சில்லோடு நிற்பார்கள். அப்பா, தங்கை, பக்கத்து வீட்டுக்காரர், யார் வேண்டுமானாலும் நிற்கலாம். எனக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தைய துண்டு. முன்சில்லு ஒன்று, பின்சில்லு ஒன்று.

பிரிகிட்டே நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஜெர்மனில் சொன்னார். "பச்சை உடுப்பு நம்முடையது. ஹன்னா நாற்பத்தொன்று, தாரணி நாற்பத்துநான்கு. எண் இடுப்பில் இருக்கும். இந்தச் சில்லுகள் ஹன்னாவுக்கு. ஹன்னா கடந்து போனதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு. புரிந்ததா?"

புரிந்தது என்றேன். புரியத்தான் செய்தது.

அதற்குள் யோகன் அண்ணா பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார். தாரணியின் சைக்கிள் சில்லுக்கு அடியில் ஒன்று வைத்தார். அடுத்து நிமிர்ந்து, வேனில் சாய்ந்து நின்ற உயரமான ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அதுதான் ஹன்னா. அகன்ற தோள், சிரிப்பில் கொஞ்சம் கூச்சம். பழக்கப்பட்டவள்போல் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுடைய சில்லுக்கும் ஒன்று வைத்து, கைப்பிடியில் திருநீற்றைத் தடவினார். "அவவும் எங்கட பிள்ளைதானே தம்பி" என்றார் என்னிடம். இரண்டு பெண்களும் பழத்தை நசுக்கிக்கொண்டு புல்லில் உருட்டிப் போனார்கள். நான் அதைப் படம் எடுத்தேன், தாரணி மட்டும் தெரிகிற மாதிரி.

பன்னிரண்டு மணிக்குப் பந்தயம் கிளம்பியது. நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். அண்ணா என்னைக் காரில் கொண்டுபோய் என் இடத்தில் இறக்கிவிட்டு முடிவுக் கோட்டுக்குப் போய்விட்டார். கல்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருங்கல் பதித்தது என்றால் நம் கோயில் பிராகாரம் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டையிலிருந்து உருளைக்கிழங்கைக் கொட்டி அப்படியே விட்டுவிட்டதுபோல் இருக்கிறது. நடுவில் முதுகு, இரண்டு கரையிலும் பள்ளம், பள்ளம் முழுக்க மாவுபோல் மண். நடந்து பார்த்தேன், கணுக்கால் இரண்டு தடவை மடங்கியது. இதில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருவார்களாம்.

எனக்கு முன்னே பின்னே வேறு அணிக்காரர்கள். ஒரு தம்பதி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டார்கள், எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்கள். அவர்கள் ஒரு தாளில் இருந்த எண்களை மாற்றி மாற்றிப் படித்து ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் படிக்கவில்லை. எனக்குத் தாரணியைத் தெரியும், அது போதும் என்று இருந்தேன்.

இரண்டே முக்கால் சுமாருக்கு முதலில் மோட்டார் சைக்கிள், பின்னால் புழுதி. புழுதிக்குள்ளிருந்து சத்தம், நூறு தகரப் பெட்டிகளை ஒன்றாகக் குலுக்குவதுபோல். முதல் கூட்டத்தில் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, மண் அப்பிய முகங்கள். எல்லா உடுப்பும் ஒரே சாம்பல் நிறமாகியிருந்தது. நான் எண்களைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தேன். பழுப்பு நிறக் கால் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை. கூட்டம் போய்விட்டது.

அடுத்து ஐந்தாறு பேர். அதில் தாரணி இருந்தாள். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. உட்காராமல் முன்னால் சாய்ந்து, பின்சில்லில் பாரம் படாமல் ஓட்டி வந்தாள். கையைத் தூக்கினாள். பஞ்சர்.

என் முன்னால் குதித்து இறங்கினாள். வாயெல்லாம் மண். என் கையில் இருந்த பின்சில்லைப் பார்த்தாள், ஆனால் தொடவில்லை.

"ஹன்னா தாண்டிட்டாவோ?"

"தாண்டிட்டா" என்றேன்.

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பார்த்தேன், பார்த்தேன். போயிட்டா. நீ சீக்கிரம் எடு!"

பொய் என்று திட்டமிட்டுச் சொல்லவில்லை. அந்த நிமிடம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே தோன்றியது. லீடர் முன்னால்தானே போயிருப்பாள்? ஆனால் தோன்றியதற்கும் பார்த்ததற்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான். ஆய்வகத்தில் அந்த வித்தியாசத்துக்குத்தான் எனக்குச் சம்பளம். தாரணி மறுபேச்சில்லாமல் பழைய சில்லைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டேன். தமிழில் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எழுதக் கூசுகிறது. சாலட் தம்பதி கை தட்டினார்கள்.

மூன்று நிமிடம் போயிருக்கும். புழுதியிலிருந்து ஒருத்தி தனியாக வந்தாள். பின்சில்லு முழுக்கக் காற்றிறங்கி, உலோக விளிம்பு கல்லில் நேராக மோதுகிற சத்தம். அப்போதும் நடு முதுகை விட்டு விலகாமல் வந்தாள். இடுப்பில் நாற்பத்தொன்று.

ஹன்னா என் முன்னால் நின்றாள். என் கையில் முன்சில்லு மட்டும் இருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெறுமையாக இருந்த என் மற்றக் கையைப் பார்த்தாள். "பின்சில்லு?" என்றாள். தாரணி கழற்றிப் போட்ட பஞ்சரான சில்லு புல்லில் கிடந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள். தலையை ஒரு தடவை ஆட்டினாள். பிறகு அந்தக் காற்றிறங்கிய சில்லிலேயே ஏறி, மறுபடி ஓட்டத் தொடங்கினாள். அடுத்தடுத்த கூட்டங்கள் அவளைத் தாண்டிப் போயின. வளைவில் மறையும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

சாலட் தம்பதி இப்போது கை தட்டவில்லை. அந்தப் பெண்மணி என் பக்கம் பார்க்காமல் டப்பாவை மூடினார்.

நான்கு மணிக்கு முடிவுக் கோட்டுக்கு வந்து சேர்ந்தேன். போலந்துப் பெண் முதல். தாரணி மூன்றாவது. புதுச் சில்லில் முன் கூட்டத்தைத் துரத்திப் பிடித்து, கடைசிக் கல்பாதையில் அந்தக் கூட்டத்தையும் பிளந்துகொண்டு முன்னால் வந்தாளாம். யோகன் அண்ணா அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். "தம்பி, நீங்க இல்லாட்டி இது நடந்திருக்காது. அந்த நேரத்திலை கடவுள் மாதிரி நிண்டனீங்கள்" என்றார். ஊருக்குப் போன் போட்டு, "எழுத்தாளர் தம்பிதான் சில்லுக் குடுத்தது" என்று யாருக்கோ சொன்னார். போனை என் காதில் வைத்தார். மறுமுனையில் ஒரு குரல் என்னை வாழ்த்தியது. நான் நன்றி சொன்னேன். அந்த நன்றியை இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

ஹன்னா நாற்பத்தேழாவதாக வந்தாள்.

நான் நழுவி வேனுக்குப் பின்னால் போய் நின்றேன். தாரணி அங்கேயே தேடி வந்துவிட்டாள். கழுத்தில் பதக்கம், கன்னத்தில் மண் காய்ந்து வெடித்திருந்தது.

"அண்ணை, ஹன்னா எனக்குப் பின்னாலைதான் வந்தவவாம். நீங்க உண்மையிலை அவவைக் கண்டனீங்களோ?"

"இல்ல" என்றேன். "பார்க்கல. எனக்கு உன்னை மட்டும்தான் அடையாளம் தெரிஞ்சுது. மத்தவங்க யாரையும் நான் சரியா கவனிக்கல."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டாள். "வாங்கோ" என்று முன்னால் நடந்தாள். குழந்தையை மன்னிப்புக் கேட்க இழுத்துப் போவதுபோல்தான் இருந்தது.

ஹன்னா வேனின் படியில் உட்கார்ந்து ஈரத் துணியால் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஜெர்மனில் சொன்னேன். ஐந்து வருடத்தில் நான் கற்ற ஜெர்மன் அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போதும், இதற்குப் போதவில்லை. உன்னைப் பார்க்காமலே பார்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன், அதனால்தான் தாரணி சில்லை எடுத்தாள், தப்பு அவளுடையது இல்லை என்றேன்.

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்றாள். கோபமில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

சொல்ல வேறு வழி இருக்கவில்லை. "நீங்கள் எல்லோரும் எனக்கு ஒரே மாதிரித் தெரிந்தீர்கள்."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தை நானே கேட்டேன். எங்கள் துறை அலுவலகத்தில் வருடக்கணக்காக என்னை, கூட வேலை செய்யும் ஓர் ஆந்திராக்காரருடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன், ஏகப்பட்ட பேர் பகிர்ந்தார்கள்.

ஹன்னா சிரித்தாள், சந்தோஷமில்லாத சிரிப்பு. "தாரணி என்று நினைத்து வேறு ஒரு பெண்ணிடம் பத்திரிகைக்காரர்கள் பேட்டி எடுத்திருக்கிறார்கள், தெரியுமா? நாங்கள் அதற்காகச் சண்டை போட்டோம். அதே தவறு உங்கள் பக்கமிருந்து எனக்கு வரும் என்று நினைக்கவில்லை." துணியை வாளியில் பிழிந்து போட்டாள். "பஞ்சர் என்னுடையது. ஆனால் நீங்கள் பார்த்திருக்கலாம்."

பார்த்திருக்கலாம். அவ்வளவுதான் அவள் என்னிடம் கேட்டது.

அப்போது பிரிகிட்டே வந்து தாரணியைக் கூப்பிட்டார். பெல்ஜியத்துக்காரர் நிழலில் காத்திருந்தார். அவரும் தாரணியும் கால் மணிநேரம் பேசினார்கள். தாரணி நடுவில் ஒரு தடவை கையை நீட்டி என்னைக் காட்டினாள், ஒரு தடவை ஹன்னாவைக் காட்டினாள். அவர் தோளைக் குலுக்கினார்.

ஐந்தரைக்குக் காரில் ஆங்கர்முண்ட நிலையத்துக்குக் கிளம்பினோம். பெர்லினுக்கு மணிக்கு ஒரு ரயில் உண்டு. அவர்கள் விருந்துக்கு நின்று வருவதாக இருந்தார்கள், என்னை இறக்கிவிடத்தான் வந்தார்கள். அண்ணா வழி முழுக்கப் பேசினார். கட்டுரையில் எந்தப் படம் போட வேண்டும், எந்த வரி கட்டாயம் வர வேண்டும் என்றெல்லாம் சொன்னார். முன் இருக்கையில் தாரணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்பாவிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன், ஆனால் உண்மையில் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயம்.

நிலையத்தில் அண்ணா காரை நிறுத்த இடம் தேடிப் போனார். மிச்ச இடியப்பப் பொதியை என் கையில் திணித்துவிட்டுத்தான் போனார். தாரணி என்னோடு நடைமேடைக்கு வந்தாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள்.

"அந்த பெல்ஜியம்காரருக்கு எல்லாத்தையும் சொன்னனான்" என்றாள். "சில்லு ஆருக்கு வைச்சது, எப்பிடி எனக்கு வந்தது, எல்லாம். 'ரேஸ் எண்டால் இப்பிடித்தான், முன்னுக்கு ஆர் வந்தது எண்டுதான் நான் பாப்பன்' எண்டு சொன்னவர். பேந்து டீமுக்கு வாறியோ எண்டு திருப்பியும் கேட்டவர்."

"நீ என்ன சொன்ன?"

"ஓம் எண்டிட்டன்." போத்தலை மூடினாள். "வேண்டாம் எண்டு சொல்லத்தான் போனனான், அண்ணை. சொல்ல ஏலாமப் போச்சு. பதினோரு வயசிலை இருந்து இதுக்குத்தானே ஓடுறன். ஆனால் இப்பிடி வரும் எண்டு நினைக்கேல்லை. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அவளுக்கு வெட்கம். காலையில் அவளிடம் அது இல்லை. காரில் வெறும் சோறு சாப்பிட்டுக்கொண்டு, இன்னொருத்திக்குச் சில்லுக் கொடுப்பதைப் பெருமையாகச் சொன்ன பெண். அவளுக்கு வேண்டியது கிடைக்கும்போதே அதைத் தலைகுனிந்து வாங்கும்படி செய்துவிட்டேன்.

"ஹன்னாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லை. நாளைக்குக் காலமை ரெண்டு பேரும் ட்ரெய்னிங் ஓடுவம். அங்கை வைச்சுத்தான் சொல்லோணும்."

ரயில் தூரத்தில் தெரிந்தது.

"நானும் வரட்டுமா?" என்றேன். "டிரெஸ்டன் போகாம இன்னைக்கு பெர்லின்ல தங்கிடறேன். நானும் கூட வந்து சொல்றேன்."

தாரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். குத்திக் காட்டுகிற பார்வை இல்லை. களைத்துப்போயிருந்தாள், பதில் கிடைத்தால் நல்லது என்பதுபோல் கேட்டாள்.

"நீங்க வந்து என்ன செய்யப் போறியள், அண்ணை?"

ரயில் வந்து நின்று கதவு திறந்தது. நான் ஏறிக்கொண்டேன்.